இரும்புக்கை யாருக்குச் சொந்தம்?

கோவையிலிருந்து 29 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

"பகலில் ஐ.டி. வேலை. இரவிலும் சனி, ஞாயிறுகளிலும் நானும் தங்கையும் ஒரு நண்பனும் சேர்ந்து கேம் செய்கிறோம். 14 மாத உழைப்பில் ஒரு டெமோ முடிந்திருக்கிறது. நாயகன் இரும்புக்கை மாயாவி. அப்பா சேர்த்துவைத்த முத்து காமிக்ஸில்தான் நான் தமிழே எழுத்துக்கூட்டிப் படித்தேன். 40 விநாடி கிளிப் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டோம். அதைப் பார்த்துவிட்டு பெங்களூரு பப்ளிஷர் ஒருவர் 6 லட்சம் அட்வான்ஸ் தருவதாகச் சொல்லி ஒப்பந்த நகல் அனுப்பியிருக்கிறார். பத்து நாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'உரிமைகள் அனைத்தும் எங்களுடையவை' என்று நாங்கள் உறுதி தரும்படி அதில் ஒரு வரி இருக்கிறது. 50 வருஷப் பழைய காமிக்ஸ், காப்புரிமை எப்போதோ முடிந்திருக்கும் என்கிறான் நண்பன். பெயரை மாற்றி உருவத்தில் 30 சதவீதம் மாற்றினால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தோம். சிவகாசியில் இருக்கும் முத்து காமிக்ஸ் பதிப்பாளரிடம் அனுமதி வாங்கினால் போதுமா? அல்லது காசே வாங்காமல் இலவசமாக வெளியிட்டுவிடலாமா? வெளிநாட்டுக் கம்பெனியிடம் போனால் கோடிக்கணக்கில் கேட்பார்கள், பதிலே போடமாட்டார்கள் என்கிறார்கள். வந்தியத்தேவனை வைத்துச் செய்வோம் என்கிறாள் தங்கை. எனக்கு மாயாவியை விட மனமில்லை."

அன்புள்ள கோவை வாசகருக்கு,

கிளிப்பை இரண்டு முறை பார்த்தேன். நாயகன் மின்கம்பி ஒன்றைத் தொடுகிறான், நீலப் பொறி பறக்கிறது, முகமும் சட்டையும் காலும் ஒவ்வொன்றாகக் கரைகின்றன. இரும்புக் கை மட்டும் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கி வருகிறது. காவலாளி திரும்புவதற்குள் அந்தக் கை பூந்தொட்டியின் விளிம்பைப் பற்றி, தொட்டியோடு ஒட்டிய ஏதோ அலங்காரம் போல அசையாமல் நின்றுவிடுகிறது. அந்தப் பூந்தொட்டி உங்கள் மூளையில் உதித்தது. அதற்கு முந்தைய ஐந்து விநாடி வேறொருவருடையது. நான் சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது பற்றித்தான்.

அதற்கு முன் அவசரமான ஒன்று: அந்த ஒப்பந்தத்தில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் குறிப்பிட்ட வரிக்கு மூன்று பத்தி தள்ளி இன்னொரு வரி இருக்கிறது. உரிமை தொடர்பாக யார் வழக்குத் தொடுத்தாலும், வக்கீல் செலவு உட்பட பப்ளிஷருக்கு ஆகும் நஷ்டம் முழுவதையும் நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்கிறது அது. 6 லட்சத்தோடு அது நிற்காது, உச்சவரம்பே போடவில்லை. நீங்கள் மூவரும் இன்னும் கம்பெனி பதிவு செய்யவில்லை, தனி மனிதர்களாகக் கையெழுத்துப் போடப்போகிறீர்கள். வழக்கு வந்தால் அது உங்கள் சம்பளக் கணக்கு வரைக்கும், தங்கையின் சேமிப்பு வரைக்கும் வரும். உரிமை உங்களிடம் இல்லை என்று தெரிந்தும் 'இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தால், பின்னால் 'தெரியாமல் செய்தோம்' என்று சொல்ல வழியும் இருக்காது.

பழசு என்றால் முடிந்துவிட்டது என்றில்லை

ஒரு சொல் திருத்தம். நீங்கள் காப்புரிமை என்று எழுதுகிறீர்கள். நாளிதழ்களும் அப்படித்தான் எழுதுகின்றன. காப்புரிமை என்பது கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் பேட்டன்ட். கதைக்கும் ஓவியத்துக்கும் இருப்பது பதிப்புரிமை. இரண்டுக்கும் ஆயுள் வேறு. பேட்டன்ட் 20 ஆண்டுகளில் முடியும். பழசானால் முடிந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கும் இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகிறது.

பதிப்புரிமைக்கு இந்தியாவில் கணக்கு, படைப்பாளி இறந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். புத்தகம் வந்த ஆண்டிலிருந்து அல்ல. மாயாவி தமிழுக்கு வந்தது 1972இல், முத்து காமிக்ஸின் முதல் இதழாக. ஆனால் அவன் பிறந்தது லண்டனில், 1962 அக்டோபரில், வேலியன்ட் என்ற வார இதழின் முதல் இதழில். எழுதியவர் கென் புல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. பிளாஸ்கோ 1995இல் இறந்தார், புல்மர் 2005இல். பிளாஸ்கோவின் கோட்டோவியத்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டாலே இந்தியாவில் 2055 முடிய உரிமை இருக்கிறது. பிரிட்டனில் 70 ஆண்டுக் கணக்கு, அங்கே 2065 முடிய.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள் பெரும்பாலும் படைப்பாளி பெயரை அச்சிடவில்லையே என்று உங்கள் நண்பர் கேட்கலாம். நல்ல கேள்விதான். பெயரில்லாமல் வந்த படைப்புக்கு வெளிவந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று நம் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தக் கெடு முடிவதற்குள் படைப்பாளி யார் என்று வெளிப்பட்டுவிட்டால் மறுபடி ஆயுள் கணக்குத்தான். புல்மர், பிளாஸ்கோ பெயர்கள் வெளிப்பட்டு வெகு காலமாகிறது. அந்த ஓட்டை வழியாக நுழைய முடியாது.

சரி, இன்று உரிமை யாரிடம்? பிரிட்டனின் அந்தப் பழைய காமிக்ஸ் களஞ்சியம் பல கை மாறி, 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரெபெல்லியன் நிறுவனத்திடம் வந்தது. 2021இல் இரும்புக்கை கதைகளின் தொகுப்பையும் அவர்கள் வெளியிட்டார்கள். இந்த நிறுவனத்தைப் பற்றி நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள்: ஸ்னைப்பர் எலீட் கேம்களைச் செய்பவர்கள் இவர்கள்தான். ஆக, நீங்கள் கதவு தட்டவேண்டிய இடத்தில் இருப்பவர்களும் கேம் செய்கிறவர்களே.

அப்படியானால் சிவகாசி? தமிழ்ப் பதிப்பாளர்கள் வெளிநாட்டு நிறுவனங்களிடமிருந்து பொதுவாக வாங்குவது தமிழில் மொழிபெயர்த்து அச்சிட்டு விற்கும் உரிமை. கேம் செய்யும் உரிமை அதில் வராது. இல்லாத ஒன்றை அவர்கள் உங்களுக்குத் தர முடியாது. ஆனால் சிவகாசியை மறந்துவிடவும் முடியாது. 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயர் ஆங்கிலத்தில் இல்லவே இல்லை, அங்கே அவன் பெயர் ஸ்டீல் க்ளா. தமிழ் மொழிபெயர்ப்பு தனியொரு படைப்பு. அதன் வசனங்களும், உங்கள் தலைப்புத் திரையில் அப்படியே நகலெடுத்திருக்கும் அந்த எழுத்து வடிவமும் தமிழ்ப் பதிப்பின் சொத்து. ஒரு பெயருக்குத் தனியாகப் பதிப்புரிமை கிடையாது என்றாலும், 50 ஆண்டு சம்பாதித்த நற்பெயரை இன்னொருவர் தன் சரக்கின் மேல் ஒட்டி விற்பதைத் தடுக்க வழக்குத் தொடரலாம். ஆகவே பாத்திரத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு, தமிழ்ப் பெயருக்கும் எழுத்துக்கும் சிவகாசி. இரண்டு கதவு.

இந்த இடைவெளியில்தான் 'என்னிடம் தமிழ்நாட்டு ரைட்ஸ் இருக்கிறது' என்று மூன்றாம் ஆட்கள் வருவார்கள். என்னிடம் வந்த ஒரு இளைஞர் அப்படி ஒருவருக்கு ஒன்றரை லட்சம் கொடுத்திருந்தார். கையில் இருந்தது முத்திரைத்தாளில் எழுதிய ஒரு பக்கம். அந்த மனிதருக்கு உரிமை யார் கொடுத்தது என்பதற்கு ஒரு காகிதம்கூட இல்லை. யார் வந்தாலும், மூல உரிமையாளர் அவருக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிலம் வாங்கும்போது மூலப் பத்திரம் கேட்பதில்லையா, அதே போலத்தான்.

30 சதவீதக் கணக்கு சட்டத்தில் இல்லை

இந்த 30 சதவீதத்தை யார் கிளப்பிவிட்டார்கள் என்று தெரியவில்லை. எந்தச் சட்டத்திலும் இல்லை. நீதிமன்றம் அளவுகோல் வைத்து அளப்பதில்லை. பார்க்கிறவருக்கு இது அதன் நகல் என்று தோன்றுகிறதா என்றுதான் பார்க்கிறது. 1997இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. இந்தி காமிக்ஸில் நாகராஜ் என்ற பாம்பு நாயகன் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தான். இன்னொரு பதிப்பாளர் நாகேஷ் என்று ஒருவனைக் கொண்டுவந்தார். பெயர் வேறு, கதை வேறு. ஆனால் தோற்றமும் சக்தியும் அவனை நினைவுபடுத்தின. தடை உத்தரவு வந்தது.

இதன் மறுபக்கம் உங்களுக்குச் சாதகமானது. வெறும் கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கண்ணுக்குத் தெரியாமல் மறைபவன் என்ற எண்ணம் யாருக்கும் சொந்தமல்ல. மறைந்தவனின் ஏதோ ஒரு பகுதி மட்டும் காட்டிக்கொடுக்கும், அதை ஒளித்துவைப்பதே ஆட்டம் என்ற விளையாட்டு விதியும் அப்படித்தான். விபத்தில் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன், மின்சாரம் பாய்ந்ததும் மறைகிறவன், கை மட்டும் தெரிகிறவன் என்று எல்லாம் ஒரே ஆளிடம் சேர்ந்தால், நீங்கள் அவனுக்கு முருகேசன் என்று பெயர் வைத்தாலும் அவன் மாயாவிதான்.

இலவசமாக வெளியிடுவது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நம் சட்டம் தனிப்பட்ட பயன்பாடு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கு விலக்குத் தருகிறது. ஊருக்கெல்லாம் டவுன்லோடு கொடுப்பது அதில் சேராது. விலை வாங்காதது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. போகிமான் யுரேனியம் என்ற ரசிகர் கேமை ஒன்பது ஆண்டு உழைத்து 2016 ஆகஸ்டில் இலவசமாகத்தான் வெளியிட்டார்கள். 15 லட்சம் முறைக்கு மேல் டவுன்லோடு ஆனது. வக்கீல் நோட்டீஸ் வந்து, அதே மாதம் அவர்களே இறக்கிவிட்டார்கள். ஒன்பது ஆண்டு! அந்தச் செய்தியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது.

இன்னொன்று. வில்லனுக்கு ஒரு முன்னணி நடிகரின் குரலை மிமிக்ரி கலைஞர் மூலம் கொடுத்திருக்கிறீர்கள், அவருடைய கை அசைவும் இருக்கிறது. எடுத்துவிடுங்கள். ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம், பெயர், சாயல், பாணி ஆகியவற்றை அனுமதியில்லாமல் பயன்படுத்தத் தடை விதித்தது. இவர்தான் அவர் என்று மக்கள் அடையாளம் கண்டாலே போதும், யாரும் ஏமாந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை என்றது.

லைசென்ஸ் கேட்பது எப்படி

கோடிகள் கேட்பார்கள் என்பது பெரிய ஹாலிவுட் நாயகர்கள் விஷயத்தில் உண்மையாக இருக்கலாம். எல்லாப் பாத்திரமும் அப்படியல்ல. ரெபெல்லியனிடம் உள்ள ஜட்ஜ் ட்ரெட் பாத்திரத்தை வைத்து மெல்பர்னில் உள்ள டின் மேன் கேம்ஸ் என்ற சிறு குழு முறையாக லைசென்ஸ் பெற்று மொபைல் கேம் வெளியிட்டிருக்கிறது. வான்கூவரில் உள்ள இன்னொரு சிறு குழு, தாளத்துக்கேற்ப நகரும் தன் சொந்த கேமை முதலில் வெளியிட்டுப் பேர் வாங்கியது. அதன் பிறகு நின்டெண்டோவின் ஸெல்டா பாத்திரங்களோடு 2019இல் ஒரு கேம் செய்யும் வாய்ப்பு அதற்குக் கிடைத்தது. உரிமையாளர் கேட்பது பணம் மட்டுமல்ல, தன் பாத்திரத்தின் பெயரைக் கெடுக்காமல் வேலையை முடித்துத் தருவார்களா என்பதும்தான்.

முதலில் இன்ஸ்டாகிராம் கிளிப்பை இறக்குங்கள். டெமோவில் மாயாவியை எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிற பொம்மையை வைத்து அதே விளையாட்டை ஓட விடுங்கள். பூந்தொட்டிக் காட்சி அப்போதும் சிரிக்க வைக்கும், நான் உறுதியாகச் சொல்வேன். பிறகு லைசென்ஸ் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம்: நீங்கள் யார், என்ன முடித்திருக்கிறீர்கள், எந்தத் தளங்களில், எந்த மொழிகளில், எப்போது வெளியிடுவீர்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து. முழு டெமோவை முதல் கடிதத்திலேயே அனுப்பாதீர்கள். கேட்காமல் வரும் படைப்புகளைத் திறக்கவே கூடாது என்று பல நிறுவனங்களில் விதி உண்டு. முன்பு கிளிப் போட்டதைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

முழு லைசென்ஸுக்குப் பணம் போதாதென்றால் ஆப்ஷன் கேளுங்கள். சினிமாவில் கதைக்குச் சிறு தொகை கொடுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ பிடித்துவைப்பார்களே, அதேதான். அந்தக் காலத்துக்குள் பப்ளிஷரையும் முதலீட்டையும் உறுதி செய்துகொண்டு லைசென்ஸுக்குப் போகலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: பதில் வராவிட்டால் அது சம்மதம் ஆகாது.

கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியவை

உரிமையாளருக்கு நீங்கள் தரும் ராயல்டி எந்தத் தொகையின் மேல் என்பதை முதலில் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு, விலை 400 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்று வைப்போம். விற்பனை விலையின் மேல் என்றால் 40 ரூபாய். கேம்களை இணையத்தில் விற்கும் ஸ்டீம் தளம் எடுக்கும் 30 சதவீதம் போக மிஞ்சும் 280இன் மேல் என்றால் 28. பப்ளிஷர் அதில் பாதியை எடுத்துக்கொண்டு உங்கள் கைக்கு வரும் 140இன் மேல் என்றால் 14. சதவீதம் ஒன்றுதான், நிகரத் தொகை என்ற சொல்லுக்குக் கொடுக்கும் விளக்கத்தில்தான் உங்கள் பிழைப்பு இருக்கிறது. இதோடு மினிமம் கேரண்டி வரும். சினிமா விநியோகஸ்தர்கள் சொல்லும் அதே எம்.ஜி.தான், கேம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது. அதைத் தவணையாக, ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் கட்டும்படி கேளுங்கள்.

நிறைய பேர் கோட்டைவிடும் இடம் லைசென்ஸ் காலம் முடிந்த பிறகு என்ன என்பது. காமிக்ஸ் ஒன்றுக்கு லைசென்ஸ் வாங்கிச் செய்த ஸ்காட் பில்க்ரிம் கேம் 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் கடைகளிலிருந்து மறைந்தது, 2021 ஜனவரியில்தான் திரும்பியது. பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். நீங்கள் தாங்கமாட்டீர்கள். காலத்தைக் கேம் வெளியாகும் நாளிலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். முடிந்த பின் விற்றுத்தீர்க்க அவகாசம் வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாடவும், நீங்கள் கோளாறுகளைச் சரிசெய்யவும் உரிமை வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று நம் பதிப்புரிமைச் சட்டம் சொல்வதை நம்பியிருக்காதீர்கள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆங்கிலேயச் சட்டப்படி, லண்டன் நீதிமன்றத்துக்கு உட்பட்டு எழுதப்படும்.

ஒவ்வொரு கட்டத்திலும் அவர்கள் ஒப்புதல் தர வேண்டும் என்பார்கள், அது நியாயமே. ஆனால் 15 வேலை நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் தந்ததாகக் கொள்ளப்படும் என்று ஒரு வரி கேளுங்கள். இல்லையென்றால் ஒரு மின்னஞ்சலுக்காக மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் கேமில் நீங்கள் புதிதாக உருவாக்கும் வில்லனும் ஆயுதமும் பொதுவாக உரிமையாளருக்கே போகும். நிரலும் விளையாட்டு விதிகளும் உங்களிடமே இருக்க வேண்டும் என்று தனியாக எழுதி வாங்குங்கள்.

வரியும் உண்டு. பிரிட்டனுக்கு அனுப்பும் ராயல்டியில், இரு நாட்டு ஒப்பந்தப்படி பொதுவாக 15 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். 'வரி போக முழுத் தொகை' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில். 100 பவுண்டு அவர்கள் கைக்குச் சேர நீங்கள் ஏறக்குறைய 117.65 செலவழிக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யும் சேரும். கையெழுத்துக்கு முன் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள்.

தங்கை சொல்வது

தங்கை சொல்வதை ஒதுக்கிவிடாதீர்கள். கல்கி 1954இல் மறைந்தார். 60 ஆண்டுக் கணக்கு 2014உடன் முடிந்துவிட்டது, அவர் எழுத்து இன்று எல்லோருக்கும் பொது. வந்தியத்தேவனையும் ஆழ்வார்க்கடியானையும் யாரிடமும் கேட்காமல் கேமுக்குக் கொண்டுவரலாம். நாவலிலிருந்து எடுங்கள், படத்திலிருந்து எடுக்காதீர்கள். 2022, 2023இல் வந்த படங்களின் உடை, முகம், இசை எதுவும் கூடாது. தொடர்கதைக்கு வரைந்த ஓவியங்களுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கும் அவரவர் கணக்கு தனி. வின்னி த பூ என்ற ஆங்கிலச் சிறுவர் கதைகளிலும் இதே நிலைதான்: எழுதிய மில்ன் 1956இல் மறைந்ததால் கதை இந்தியாவில் பொது. வரைந்த ஷெப்பர்ட் 1976இல் மறைந்ததால் அந்தப் படங்களுக்கு இங்கே 2036 முடிய உரிமை இருக்கிறது.

ஆனால் உங்கள் விளையாட்டு மறைந்து ஒளியும் விளையாட்டு. வந்தியத்தேவன் ஒளிபவன் அல்ல, மாட்டிக்கொண்டு வாயால் தப்பிப்பவன். அவனுக்கு வேறு கேம் வேண்டும். அதைத் தங்கையிடமே கொடுங்கள். இந்த கேமுக்கு என் யோசனை: உங்களுடைய சொந்த நாயகன் ஒருவனை இப்போதே உருவாக்கத் தொடங்குங்கள். கை வேண்டாம். மறைந்தாலும் தெரிகிற வேறு ஏதோ ஒன்று. பப்ளிஷரிடம் இன்றே உண்மையைச் சொல்லி, சொந்த நாயகனை வைத்து ஒப்பந்தத்தை மாற்றச் சொல்லுங்கள். ஈடுகட்டும் தொகைக்கு அட்வான்ஸ் அளவோடு உச்சவரம்பு போடச் சொல்லுங்கள். அவருக்குப் பிடித்தது அந்தப் பூந்தொட்டி என்றால் விலகமாட்டார். மாயாவிக்காக மட்டும் வந்தவர் என்றால், உரிமை இல்லாத பொருளுக்கு விலை பேசியவர் என்பது இப்போதே தெரிந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கடிதம் இதோடு தனியாகப் போகட்டும். சரி என்றால் மாயாவி வரட்டும். இல்லையென்றாலும் உங்கள் 14 மாதம் வீணாகாது.

நீங்கள் இணைத்திருந்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பாவின் அந்தப் புத்தகம்: காக்கி அட்டை, துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின், உள்பக்கத்தில் நீல மையில் அவர் பெயரும் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவும். பெயரை மட்டும் மறைத்துவிட்டு அந்தப் படத்தை ஆக்ஸ்ஃபோர்டு கடிதத்தின் இரண்டாம் பக்கமாக வையுங்கள். தங்கள் சொந்த ஊரிலேயே பலர் மறந்துவிட்ட ஒரு நாயகனைத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பையன் அட்டை போட்டுக் காப்பாற்றியிருக்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பேரம் பேசும்போது உங்களிடம் இருக்கும் பெரிய பலம் அதுதான்.